“நீ எந்த நாட்டவள்?” – ஒரு பிரெஞ்சுப் பாடமும் எமது பிள்ளைகளும்

2001 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தின் ஒரு சிறு நகரில், ஏழாம் வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்த என் மகள் பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். அவ்வாண்டுதான் கிம்னாசியத்தில் இரண்டாம் அந்நியமொழியாகப் பிரெஞ்சு தொடங்கியிருந்தது. தாளில் ஐந்து வரிகள் இருந்தன. என் பெயர் இன்னது, என் வயது இவ்வளவு, நான் வசிக்கும் ஊர் இது என்பவற்றை அவளே நிரப்பியிருந்தாள். நான்காவது வரி “ஜு சுவி” என்று தொடங்கி, அதன் பின் வெறுமையாக இருந்தது. “நான்...” என்று பொருள். தான் எந்த நாட்டவள் என்பதை அவ்விடத்தில் அவள் எழுதவேண்டும். பக்கத்திலே கட்டம் போட்டு அல்மோன், இத்தாலியன், துருக்கியன், போலந்தியன் என்று சொற்கள் தரப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலில் அவளுக்கான சொல் இல்லை.

“அப்பா, நான் என்ன?” என்று கேட்டாள்.

வேலை முடிந்து வந்த களைப்பில் இருந்த நான் இரண்டாம் முறை யோசிக்காமல், “சிறீலங்கா என்று எழுது” என்றேன். அகராதியைப் புரட்டி அவளே சொல்லைக் கண்டுபிடித்தாள்: சிறீலங்கேஸ். பெண்பால். அழகான எழுத்தில் எழுதினாள். ஆசிரியை சரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த விடை பிழை என்று இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து இங்கே எழுதுகிறேன். இலக்கணத்தில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவன்தான் பிழை விட்டான்.

ஏன் பிழை என்பதை விளக்க, அன்று எம் வீட்டு அலுமாரியில் இருந்த பத்திரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மகள் 1988 இல் இந்நாட்டிலே பிறந்தவள். யாழ்ப்பாணத்தை அவள் ஒளிப்படங்களில் மட்டுமே கண்டிருந்தாள். அவள் பெயரில் எம்மிடம் இருந்த ஒரே பயணப் பத்திரம், அகதிகளுக்கு இந்நாடு வழங்கும் நீலநிறப் புத்தகம். அதன் உள்ளே, இப்பத்திரம் சிறீலங்கா தவிர்ந்த அனைத்து நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அச்சிடப்பட்டிருந்தது. உலகில் எந்த ஒரு நாட்டுக்கு அவள் போகமுடியாதோ, அந்த நாட்டின் பெயரால் அவளை அழைக்குமாறு நான் சொல்லிக்கொடுத்தேன்!

அன்றைய சட்டமும் எமக்கு உதவவில்லை என்பது உண்மையே. 1913 ஆம் ஆண்டின் சட்டத்தை அடியொற்றி, யேர்மனியில் குடியுரிமை என்பது நெடுங்காலம் பெரும்பாலும் இரத்த உறவினாலேயே வந்துகொண்டிருந்தது. இங்கே பிறந்ததால் ஒரு பிள்ளை இந்நாட்டவராகும் வழி 2000 ஆம் ஆண்டு தை முதலாம் நாளில்தான் திறந்தது. அதற்கும் பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டுகள் சட்டபூர்வமாக இங்கே வசித்திருக்கவேண்டும். அந்நாளில் பத்து வயது நிறையாத பிள்ளைகளுக்கென, அவ்வோராண்டுக்குள் விண்ணப்பிக்கும் சிறப்பு ஏற்பாடும் இருந்தது. என் மகளுக்கு அப்போது பதினொன்று. கதவு திறந்தபோது அவள் அதன் அளவைக் கடந்து வளர்ந்துவிட்டிருந்தாள். ஆகவே யேர்மனியள் என்றும் அவள் எழுத முடியாது என்று நான் நினைத்தேன். மூன்றாவதாக ஒரு விடை இருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த மூன்றாவது விடையைப் பிரெஞ்சு இலக்கணமே தன்னுள் வைத்திருக்கிறது. எமது பிள்ளைகளுள் கணிசமானோர் இங்கு பாடசாலையில் பிரெஞ்சு கற்கின்றனர். 1963 தை மாதம் இரு நாடுகளும் ஒப்பமிட்ட எலிசே உடன்படிக்கைக்குப் பின், அண்டை நாட்டின் மொழியைக் கற்பதும் மாணவர் பரிமாற்றமும் யேர்மன் பாடசாலை வாழ்வின் ஒரு பகுதியாகிவிட்டன. பாரிசின் லாசப்பல் பகுதியிலோ அதன் புறநகர்களிலோ உறவினர் இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. மைத்துனப் பிள்ளைகளோடு கதைக்கவும் அம்மொழி பயன்படுகிறது. ஆதலால் இவ்விலக்கணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பெற்றோர் பலர் அதனைக் கற்றிலர்.

பிரெஞ்சில் நாட்டினத்தைக் கூறும் சொல், பேசுபவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப மாறும். யேர்மனியப் பையன் “அல்மோன்” என்பான். பெண்பிள்ளை “அல்மோந்த்” என்பாள். ஆண்பாலில் எழுத்தளவில் மட்டும் கிடந்து ஒலிக்காமல் இருந்த கடைசி எழுத்து, பெண்பாலில் வாய்திறந்து ஒலிக்கிறது. சிறீலங்கே என்பது சிறீலங்கேஸ் ஆவதும் இவ்வாறே. ஆனால் தமிழரைக் குறிக்கும் “தமூல்” என்னும் சொல்லுக்குப் பெண்பாலில் ஓர் எழுத்துக் கூடுகிறதே தவிர ஒலி மாறுவதில்லை. தமிழன், தமிழச்சி என்று நாம் பிரித்துச் சொல்வதையும், மேடைகளில் எப்போதும் “தமிழன்” என்றே முழங்கிப் பாதிப்பேரை மறந்துவிடுவதையும் எண்ணிப் பார்த்தால், அம்மொழி இவ்விடத்தில் எமது பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நியாயமாகவே நடந்துகொள்கிறது.

இன்னொரு நுட்பம். “அவன் யேர்மனியன்” என்று பண்பாகச் சொல்லும்போது அச்சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கவேண்டும். “அங்கே ஒரு யேர்மனியன் நிற்கிறான்” என்று ஆளாகச் சுட்டும்போது பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். யேர்மன் மொழியிலோ பெயர்ச்சொல் எதுவாயினும் பெரிய எழுத்துத்தான். ஆகவே இங்குள்ள பிள்ளைகள் இவ்விடத்தில்தான் அதிகமாகப் புள்ளி இழக்கின்றனர். தமிழிலோ பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எம் பிள்ளைகள் இந்தக் குழப்பத்தை எம்மிடமிருந்து பெறவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

நாடுகளுக்கும் பால் உண்டு. யேர்மனியும் இந்தியாவும் பிரெஞ்சில் பெண்பால், சிறீலங்கா ஆண்பால். நாம் தாய்நாடு, தாய்மண் என்று பாடிவந்த தீவை பிரெஞ்சு ஆசிரியர் ஆண்பால் முன்னொட்டோடு எழுதச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இனி முக்கியமானதற்கு வருவோம். “நீ யார்?” என்ற கேள்விக்கு அம்மொழியில் மூன்று வாக்கியங்கள் உள்ளன. முதலாவது, “நான் யேர்மனியள்” என்று நேரே சொல்வது. இரண்டாவது, “து நசியோனலித்தே அல்மோந்த்” என்பது. அதாவது, யேர்மன் குடியுரிமை உடைய ஒருவர். மூன்றாவது, “தொரிஜின் தமூல்” என்பது. தமிழ் வழிவந்த ஒருவர். பின்னைய இரண்டிலும் ஒரு விநோதம் உண்டு. குடியுரிமை, பிறப்புவழி ஆகிய இரு சொற்களும் பெண்பால் ஆதலால், சொல்பவன் ஆணாயினும் அடைமொழி பெண்பாலிலேயே நிற்கும். அங்கே இலக்கணம் பேசுகிற ஆளை நோக்குவதில்லை, அவரிடம் உள்ள பொருளையே நோக்குகிறது. அரசு கொடுத்ததும் முன்னோர் கொடுத்ததும் அம்மொழியில் தனித்தனியே நிற்கின்றன. ஒரே வாயால் இரண்டையும் சொல்லலாம், ஒன்றை ஒன்று அழிப்பதில்லை.

முதல் வாக்கியமோ கடவுச்சீட்டைக் கேட்பதேயில்லை. பிரான்சின் மேற்குக் கரையில் பிறந்தவர் “நான் பிரெத்தோனியன்” என்று நாள்தோறும் சொல்கிறார். பிரெத்தோனியா என்றொரு அரசு இன்று இல்லை. கோர்சிக்கர் சொல்கிறார், பாஸ்க்கர் சொல்கிறார். என் மகளின் வகுப்பில் துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குர்திய மாணவி இருந்தாள். அவள் அந்தத் தாளில் கட்டத்திலிருந்த துருக்கிய என்ற சொல்லை எடுக்காமல், தானாகவே குர்து என்று எழுதியிருந்தாள். அதற்கும் ஆசிரியை சரி போட்டார் என்று மகள் பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னாள். அந்த மாணவிக்கு அவளுடைய வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு மொழியில் தன்னை யாரென்று சொல்லவேண்டிய நெருக்கடி தமிழருக்கு எம்மோடு தொடங்கியதன்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழ்ந்தவர்கள் எமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இக்கேள்வியைச் சந்தித்தனர். 1881 புரட்டாதி 21 ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று, தமது வழமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியருக்கு அதற்கான வழியை வகுத்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் தெரிந்தெடுக்கவேண்டியிருந்தது. அவ்வியக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த் என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். அச்சொல்லுக்கு வாயில் என்பது பொருள். சாதிக் கட்டுகளிலிருந்து வெளியேற அது ஒரு வாயிலாகவே பலருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அதனால் அவர்களை எள்ளுதல் தகாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க. அந்த ஏட்டில் ஒப்பமிட்டவர் தம் வழமையைத் துறந்த பின்னரே தம்மைச் சட்டத்தின் முன் முழுப் பிரெஞ்சியராகச் சொல்ல முடிந்தது.

பின்னர் 1962 ஆவணி 16 ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது வேறொரு கேள்வி வந்தது. அங்கு பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிகள் ஆவர்; பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்திருக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்கலாம் என்பது ஏற்பாடு. அறிவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிசின் புறநகர்களில் எம் உறவினருக்கு அயலவராக வாழ்கின்றனர். அவர்கள் தமிழரா பிரெஞ்சியரா என்று எம்மவர் கேட்பதுண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள இரெயூனியன் தீவிலே, கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே பிறக்கின்றனர். அவர்களை அயலார் அழைக்கும் பெயரோ “மல்பார்” என்பது. மலபார் என்ற சொல்லின் திரிபு. அவர்களின் முன்னோருட் பலர் மலபாரைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

அதே பிழையான பெயரை யேர்மனியரும் எமக்கு இட்டிருந்தனர். சக்சனியின் புல்ஸ்னிற்ஸ் ஊரில் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஆடியில் தரங்கம்பாடியில் இறங்கியபோது, அன்றைய ஐரோப்பிய வழக்கின்படி எம்மவரை மலபாரியர் என்றே எழுதினார். பின்னர் 1716 இல் ஹாலே நகரில் அச்சாகிய அவரது இலத்தீன் இலக்கண நூலின் தலைப்பிலோ தமுலிக்கா என்று எமது மொழியின் சொந்தப் பெயர் ஏறிவிட்டது. பல ஆண்டுகள் தரங்கம்பாடித் தமிழர் நடுவே இருந்து, அவர்கள் தம் மொழியை என்ன பெயரால் அழைத்தார்களோ அதையே காதால் கேட்ட மனிதர் அவர். பிறர் எமக்கு இடும் பெயர் திருந்துவதற்கு, நாம் அதனை எம் வாயால் சொல்லக் கேட்க வாய்ப்பிருக்கவேண்டும் போலும்.

இவ்விடத்தில் எமது மொழியையும் சற்று நோக்குவோம். “நான் தமிழன்” என்னும் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. பிரெஞ்சுக்காரருக்கும் யேர்மனியருக்கும் இடையில் ஒரு வினை வேண்டும், எமக்கு வேண்டாம். நானும் தமிழனும் ஒட்டி நிற்கின்றன. குடியுரிமையைச் சொல்லும்போதோ “எனக்கு யேர்மன் குடியுரிமை உண்டு” என்கிறோம். அங்கே அது எனக்கு உள்ள ஒன்று. உண்டு என்று சொல்லத்தக்கது ஒரு காலத்தில் இல்லாமலும் இருந்தது, பறிக்கப்படவும் கூடும். இதனை மலையகத் தமிழர் அனுபவித்தே அறிந்தனர். 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை ஒரே எழுத்தில் நாடற்றவர் ஆக்கியது. அதனால் அவர்கள் தமிழர் அல்லாதவர் ஆகிவிடவில்லை.

எனது இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்று ஒரு கூடு இருக்கிறது. எனது சான்றிதழில் அங்கே “இலங்கைத் தமிழர்” என்று எழுதப்பட்டுள்ளது. குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தெழுதும் வழக்கம் 1911 இலிருந்தே உள்ளது. அந்தக் கூட்டை நிரப்பிப் பழகிய நாம், யேர்மனிய விண்ணப்பப் படிவத்தில் அதைத் தேடுகிறோம். அது இங்கே இல்லை. நாசிகள் மனிதரை இனவாரியாகப் பதிந்து என்ன செய்தார்கள் என்பதை அனுபவித்த நாடு இது. அரச புள்ளிவிவரம் இனத்தைக் கேட்பதில்லை, குடியுரிமையையே கேட்கிறது. நல்லதே. ஆனால் அதன் விளைவொன்றையும் அறிந்திருக்கவேண்டும். தமிழர் இங்கே எத்தனை பேர் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. வெளிநாட்டவர் கணக்கில் இத்தீவிலிருந்து வந்த அனைவரும் ஒரே நாட்டின் பெயரில் எண்ணப்படுகின்றனர். யேர்மன் குடியுரிமை பெற்ற மறுநாள் ஒருவர் அந்தக் கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகிறார். 2005 முதல் குடிபெயர்வுப் பின்னணி என்றொரு வகைப்பாடு வந்தது; அதுவும் பெற்றோரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது, மொழியைப் பார்ப்பதில்லை. தமிழர் என்ற சொல் இந்நாட்டில் எம் பிள்ளைகளின் வாயில் இருந்தால் உண்டு. வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

எம்மவரிடையே இருவகை மறுப்புகளை நான் எதிர்பார்க்கிறேன். “நான் யேர்மனியள்” என்று ஒரு பிள்ளை சொன்னால் இனத்தை மறந்துவிட்டாள் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு சாரார். விழாவொன்றிலே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மேடையில் அவ்வாறு சொன்னதற்காகப் பின்னர் கண்டிக்கப்பட்டதை நான் நேரில் கண்டேன். அன்று வாய் திறவாமல் இருந்தவர்களுள் நானும் ஒருவன். அச்சிறுமி சொன்னது சட்டப்படி உண்மை. உண்மையைச் சொன்னதற்காக ஒரு பிள்ளையைக் கண்டித்தால் அவள் அடுத்த முறை எம்மிடம் ஒன்றும், வெளியில் ஒன்றும் சொல்லப் பழகுவாள். மற்றைச் சாரார், “இங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழர் என்ற பேச்சு எதற்கு, பிரித்துக் காட்டினால் பிள்ளைதான் பாதிக்கப்படும்” என்பர். இவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. 1990 களின் தொடக்கத்தில் அகதி முகாம்கள் எரிக்கப்பட்ட செய்திகளைக் கேட்டுக்கொண்டு இரவில் விழித்திருந்தவர்கள் நாம். ஆனாலும் பிள்ளை சொல்லாவிட்டாலும் அவளிடம் கேட்பார்கள். “உண்மையில் நீ எங்கிருந்து வந்தாய்?” என்ற கேள்வி, கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து வருவதன்று. அப்போது சொல்ல ஒரு சொல் இல்லாமல் நிற்பதுதான் பிள்ளைக்குப் பாதிப்பு.

இரு குடியுரிமை பற்றிய பழைய நெருக்கடியும் இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. 2024 ஆனி 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், யேர்மன் குடியுரிமை பெறுவோர் முந்தியதைத் துறக்கவேண்டும் என்ற பொது விதியை நீக்கி, தேவையான வதிவிடக் காலத்தையும் எட்டிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. இங்கு பிறக்கும் பிள்ளைக்கும் இப்போது பெற்றோரில் ஒருவரின் ஐந்தாண்டு வதிவிடமும் நிரந்தர வதிவிட உரிமையும் போதும். இன்னமும் விண்ணப்பிக்காமல் இருக்கும் பெற்றோர் இதனைத் தம் நகரத்துக் குடியுரிமை அலுவலகத்தில் விசாரித்து அறியவேண்டும். எதிர்கால அரசு என்ன செய்யும் என்று எவரும் உறுதி கூற முடியாது; மூன்று ஆண்டுகளில் பெறும் விரைவு வழி அதே சட்டத்தில் வந்து 2025 இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஆதலால் பெற்றோரிடம் நான் வேண்டுவது சிறியது. பாடசாலை கேட்பதற்கு முன் வீட்டில் கேளுங்கள். “நான் தமிழ்ப் பிள்ளை; எனக்கு யேர்மன் குடியுரிமை உண்டு” என்ற இரு வாக்கியங்களை முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு டொச்சில், பிறகு பிரெஞ்சில். டொச்சிலும் இது இயலும்: “இஷ் பின்” என்று தொடங்கித் தமிழரைச் சொல்லலாம், “இஷ் ஹாபெ” என்று தொடங்கிக் குடியுரிமையைச் சொல்லலாம். இளையோரே, உங்களிடம் வேறொன்று. “நாம்” என்றும் “நாங்கள்” என்றும் இரண்டு சொற்கள் எமது மொழியில் இருக்கின்றன; கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம், அவரை வெளியே நிறுத்துவது நாங்கள். பிரெஞ்சிலும் டொச்சிலும் இவ்வேறுபாட்டுக்குத் தனிச்சொல் இல்லை. வகுப்புத் தோழரோடு “நாம்” என்று நினைத்துக்கொண்டே, எம் பெரியவர்களோடும் “நாம்” என்று சொல்லலாம். எந்த “நாம்” பெரியது என்று எவரும் உங்களிடம் தேர்வு வைக்கவேண்டியதில்லை. அப்படி வைப்பவர் நானேயாயினும் எழுந்து போய்விடுங்கள்.

மகள் 2006 இல், பதினெட்டு வயதில், யேர்மன் குடியுரிமை பெற்றாள். அவளது கடவுச்சீட்டைக் கையில் வாங்கிய அன்று நான் கவனித்த ஒன்று உண்டு. தலைப்புகள் மூன்று மொழிகளில் இருந்தன, மூன்றாவது பிரெஞ்சு. நசியோனலித்தே என்ற அச்சொல்லின் கீழே “டொய்ச்” என்று மொட்டையாக அச்சிட்டிருந்தார்கள். ஆண்பால் ஈறும் இல்லை, பெண்பால் ஈறும் இல்லை. 2001 இல் அந்தத் தாளில் எழுத முடியாமற்போன சொல். அவள் அதைப் பார்த்தாள், பையில் வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சிறீலங்கேஸ் என்று எழுதவைத்ததற்காக அவள் என்னிடம் ஒருநாளும் கோபித்ததில்லை. ஆயினும் அதன்பின் தன்னை எவராவது கேட்டால் “என் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள்” என்று மட்டுமே சொல்லிவந்தாள். தன்னைப் பற்றிய கேள்விக்கு எங்களைப் பற்றி விடை சொன்னாள்.

சென்ற ஆண்டு அவளது மகன் ஏழாம் வகுப்புக்கு வந்தான். பிறப்பிலேயே இந்நாட்டுக் குடி. பயிற்சித்தாள் மாறவில்லை, தாளில் இருந்த கட்டம் இப்போது கணினித் திரையில் வருகிறது, அவ்வளவே. மாலையில் என்னை அழைத்தான்.

“அம்மப்பா, ஆசிரியர் ஓரெழுத்துக்குப் பிழை போட்டுவிட்டார்.”

எழுதியதை வாசிக்கச் சொன்னேன். நான் யேர்மனியன், தமிழ் வழிவந்தவன் என்று இரண்டையும் எழுதியிருந்தான். யேர்மனியன் என்பதை ஆண்பாலில் சரியாகவே எழுதியவன், தமூல் என்பதற்கும் ஆண்பாலையே வைத்துவிட்டான்.

“நான் பொடியன்தானே, ஏன் பெண்பால் போடவேண்டும்?”

“அது உனக்கு இல்லை, வழிக்கு” என்றேன்.

“வழி பெண்ணா?”

“பிரெஞ்சில் பெண்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த எழுத்தைச் சேர்த்துத் தட்டும் ஓசை கேட்டது. “அம்மாவிடம் சொல்லட்டுமா?” என்றான். சொல் என்றேன். தொலைபேசியைக் கீழே வைக்காமலே அவன் தாயைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் அதை உரக்க வாசிப்பது எனக்குக் கேட்டது. பிரெஞ்சு உச்சரிப்பு இன்னமும் நன்றாகவே இருந்தது.